பார்கோடா, நகலா, சொந்த எழுத்தா? டர்பன் சிறு கடைகளின் ஆன்லைன் லிஸ்டிங் பற்றி ஓர் அலசல்

2024 மே மாதம் அமேசான் தென்னாப்பிரிக்காவுக்கென்று தனித் தளம் திறந்ததிலிருந்து டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் ஆன்லைன் விற்பனை பற்றி விசாரிக்கிறார்கள். டேக்கலாட் ஏற்கெனவே பழகிய தளம்தான். முன்பு பிட்-ஆர்-பை என்று இருந்த பாப் ஷாப், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் வீட்டிலிருந்தே விற்பவர்கள் உண்டு. மசாலா, பருப்பு, குத்துவிளக்கு, கற்பூரம், புடவை, மிக்ஸி, பழைய தமிழ்ப் புத்தகம் என்று சரக்கு பலவிதம். கேள்வி மட்டும் ஒன்றுதான்: லிஸ்டிங்கை, அதாவது தளத்தில் பொருளைக் காட்டும் பக்கத்தை, எப்படிப் போடுவது?

மூன்று வழி இருக்கிறது. பொருளின் பார்கோடு எண்ணைக் கொடுத்துத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பக்கத்தோடு சேர்ந்துகொள்வது. இருக்கிற ஒரு லிஸ்டிங்கை நகலெடுத்து மாற்றிக்கொள்வது. எல்லாவற்றையும் நாமே எழுதுவது. இப்படிப்பட்ட கடைகளுக்கு லிஸ்டிங் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் மூடி வந்த பொருளுக்குப் பார்கோடு. நம்முடைய பழைய லிஸ்டிங்கை நகலெடுப்பது சரி, அடுத்தவருடையது கூடாது. ஒவ்வொன்றும் வேறாக இருக்கும் பொருளுக்குச் சொந்த எழுத்து. இதற்குக் காரணங்கள் உண்டு, அவை பொருளுக்குப் பொருள் மாறும்.

பார்கோடு தருவதும் தராததும்

"தம்பி, பெட்டியில் இருக்கும் கோட்டை அடித்தால் எல்லாம் தானாக வந்துவிடுமே, அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்காத கடைக்காரர் குறைவு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட 13 இலக்க எண்ணைக் கொடுத்தால், அந்தப் பொருள் தளத்தின் பட்டியலில் இருக்கும்பட்சத்தில் பெயர், படம், அளவு, வகை எல்லாம் நிரம்பிவிடும். அமேசான் அதற்கு ஏசின் என்ற தன்னுடைய எண்ணை வைத்திருக்கிறது, டேக்கலாட் டிசின் என்ற எண்ணை. நாம் விலையும் இருப்பும் கொடுத்தால் வேலை முடிந்தது. எழுத்துப் பிழை வராது, தேடுபவர் கண்ணிலும் படும். பேர்போன கம்பெனியின் பிரஷர் குக்கரை விற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. அந்தப் பக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அதே குக்கரை விற்கும் எல்லோரும் அதே பக்கத்தில் நிற்கிறார்கள், விலையும் அனுப்பும் வேகமும் பார்த்துத்தான் தளம் ஒருவரை முன்னால் காட்டும். நம் கடையின் பெயரும் முப்பது வருட நம்பிக்கையும் அங்கே தெரியாது. அழகாக எழுதத் தெரிந்தவருக்கும் அங்கே இடமில்லை.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். முதல் மூன்று இலக்கம், அந்தக் கம்பெனி எந்த நாட்டு ஜிஎஸ்1 (பார்கோடு எண்களை வழங்கும்) அமைப்பில் எண் வாங்கியது என்பதைக் காட்டும். 600, 601 தென்னாப்பிரிக்கா, 890 இந்தியா, 609 மொரீஷியஸ். பொருள் எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது என்று அது சொல்வதில்லை. இந்தியாவிலிருந்து வந்த துவரம்பருப்பை டர்பன் கம்பெனி தன் பையில் கட்டினால் 600 என்றுதான் ஆரம்பிக்கும். அதைப் பார்த்து 'தென்னாப்பிரிக்க விளைச்சல்' என்று லிஸ்டிங்கில் போட்டால் அது பொய்த் தகவல்.

கடைசி இலக்கம் சோதனை இலக்கம். 600123456789 என்ற பன்னிரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்ற ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 26. இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 25, அதை 3 ஆல் பெருக்கினால் 75. மொத்தம் 101. அடுத்த பத்தின் மடங்கான 110 ஐ எட்ட 9 வேண்டும், ஆகவே முழு எண் 6001234567899. தட்டும்போது ஒரு இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு பிடித்துவிடும். ஆனால் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிகிறது. அந்த எண் அந்தப் பொருளுக்கு உரியதுதானா என்பதை அது சொல்லாது. இணையத்தில் மலிவாக விற்கும் 'ரெடிமேட்' எண்களை வாங்கி ஒட்டுபவர்கள் மாட்டுவது இங்கேதான். சோதனை இலக்கம் சரியாக இருக்கும், ஆனால் ஜிஎஸ்1 பதிவில் உரிமையாளர் பெயர் வேறாக இருக்கும். அமேசான் அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒத்துவராவிட்டால் லிஸ்டிங்கைத் தள்ளிவிடும்.

நம் கடைகளில் பார்கோடு அதிகம் காலை வாருவது மூன்று இடங்களில். முதலாவது, அட்டைப்பெட்டி. பன்னிரண்டு பாக்கெட் ஊதுவத்தி அடங்கிய வெளிப்பெட்டிக்கு ஒரு எண், உள்ளே ஒற்றைப் பாக்கெட்டுக்கு வேறு எண். வெளிப்பெட்டி எண்ணைக் கொடுத்து ஒற்றைப் பாக்கெட் விலை போட்டால், வாங்குபவர் பன்னிரண்டை எதிர்பார்ப்பார், அவர் எதிர்பார்ப்பதிலும் தப்பில்லை. மூன்று பாக்கெட்டை நாமே சேர்த்துக் கட்டி விற்றாலும் ஒற்றையின் எண்ணைப் போடக் கூடாது. அது வேறு பொருள்.

இரண்டாவது, எடை போட்டு ஒட்டும் லேபிள். கண்ணெதிரே கலந்து, நிறுத்து, ஸ்டிக்கர் ஒட்டித் தரும் மசாலாவில் 2 என்று ஆரம்பிக்கும் எண் இருந்தால், அது கடைக்குள் மட்டும் செல்லும் எண். எடையோ விலையோ அதற்குள் இருக்கும். அடுத்த கடையில் அதே எண் ஆட்டுக்கறியாக இருக்கலாம். ஆன்லைனில் அதற்கு வேலையில்லை. கடையின் ஸ்டாக் கணக்குக்காக நாமே வைத்துக்கொள்ளும் எஸ்கேயு எண்ணும் அப்படித்தான். அதைப் பார்கோடு கட்டத்தில் போடக் கூடாது, அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது: ஏற்கெனவே இருக்கும் பக்கமே தப்பாக இருப்பது. முதலில் அந்தப் பொருளை ஏற்றியவர் 500 கிராமை 1 கிலோ என்று போட்டிருந்தால், பின்னால் சேரும் எல்லோரும் அந்தத் தப்பையும் சேர்த்தே விற்கிறோம். கம்பெனி அளவைக் குறைத்தால் புது எண் போட வேண்டும் என்பது ஜிஎஸ்1 விதி. எல்லாக் கம்பெனியும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே எண் பொருந்திவிட்டது என்று விட்டுவிடாமல், பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தை வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் தளத்துக்குத் திருத்தம் அனுப்பி, அது சரியாகும்வரை விற்காமல் இருப்பதே நல்லது.

நகல்: யாருடையதை?

நகலில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நம்முடைய பழைய லிஸ்டிங்கை நகலெடுப்பது நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும். ஒரே கடை விற்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு அனுப்பும் முறை, பேக்கிங், திருப்பித் தரும் விதி எல்லாம் ஒன்றேதான். அந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு உயரம், எடை, முகங்களின் எண்ணிக்கை, படம் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். மாற்ற மறந்த கட்டம் ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும் என்பதுதான் ஆபத்து. அதற்கு நான் செய்வது: ஒரு மாதிரி லிஸ்டிங்கை வைத்து, மாற வேண்டிய இடங்களையெல்லாம் காலியாகவே விட்டு, அதிலிருந்து மட்டும் நகலெடுப்பது. காலிக் கட்டம் கண்ணை உறுத்தும், பழைய எண் உறுத்தாது.

அடுத்தவருடையதை எடுப்பது வேறு கதை. படம் எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம். 1978ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் எழுத்தையும் பாதுகாக்கிறது. புகார் வந்தால் லிஸ்டிங் இறங்கிவிடும், கணக்குக்கும் கெட்ட பெயர். அது ஒரு புறம் இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை பெரிய பிரச்சினை, அந்த வார்த்தைகள் அவர் கையில் இருந்த பொருளைப் பற்றியவை என்பதுதான்.

மிக்ஸியைப் பாருங்கள். சென்னைக் கம்பெனிகள் அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட் மாடல் தனியாகச் செய்கின்றன. பெயரும் நிறமும் ஜாடியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அமெரிக்கத் தளத்திலிருந்து விவரத்தை எடுத்து ஒட்டினால் 110 வோல்ட் என்று வந்துவிடும். இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட்தான். விவரத்தைப் படித்துப் பார்க்கும் ஒருவர் பயந்து வாங்காமல் போவார், அல்லது தேவையில்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவார். உண்மையிலேயே 110 வோல்ட் மாடல் கைக்கு வந்து அதை 230 என்று போட்டால் மோட்டார் கருகும். இந்தியத் தளத்திலிருந்து எடுத்தால் வோல்ட் சரி, பிளக் இடிக்கும். அங்கே மிக்ஸியோடு வழக்கமாக வரும் சின்ன மூன்று முள் பிளக் நம் சுவரில் இருக்கும் பெரிய மூன்று முள் சாக்கெட்டில் பொருந்தாது. 'எந்த பிளக்' என்ற ஒரு வரியை இங்கே இருப்பவர்தான் எழுத முடியும். மின்சாதனங்கள் பலவற்றுக்கு, கட்டாயத் தர விதிகளைக் கண்காணிக்கும் என்ஆர்சிஎஸ் அமைப்பின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்பதையும் வெளிநாட்டு லிஸ்டிங் சொல்லாது.

சாப்பாட்டுப் பொருளில் இது இன்னும் தீவிரம். பெருங்காயத்தூளை எடுத்துக்கொள்வோம். அதில் பிசினோடு மாவு சேர்க்கிறார்கள், சிலர் கோதுமை மாவு, சிலர் அரிசி மாவு. அரிசி மாவு சேர்த்த பிராண்டின் லிஸ்டிங்கில் 'குளூட்டன் இல்லாதது' என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக் கோதுமை சேர்ந்த டப்பாவுக்குப் போட்டால், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர் அதை நம்பிச் சாம்பாரில் போடுவார். 2010இல் வந்த உணவு லேபிள் விதிகள் கோதுமை, நிலக்கடலை, பால், முட்டை, சோயா போன்றவற்றை வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்வது இதற்காகத்தான். டப்பாவின் பின்பக்கத்தில் இருப்பதைத் தவிர வேறெங்கிருந்தும் சேர்மானப் பட்டியலை எடுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

சட்டமும் விற்பவரைத்தான் பிடிக்கும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, தவறான வர்ணனையைத் தடுக்கிறது. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், வாங்குபவர் தெரிந்து முடிவெடுக்கும் அளவுக்குப் பொருளை விவரிக்கச் சொல்கிறது. ஆன்லைனில் வாங்கிய பல பொருள்களைக் காரணம் சொல்லாமலே 7 நாளுக்குள் திருப்பலாம். அந்தச் சட்டம் கேட்கும் விவரங்களை விற்பவர் தராவிட்டால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். 'அந்த வரி நான் எழுதியதில்லை, நகலெடுத்தது' என்ற பதில் எங்கும் செல்லாது.

அடுத்தவர் லிஸ்டிங்கால் பயனே இல்லையா என்றால், உண்டு. என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்று பார்க்கலாம். வாங்கியவர்கள் கீழே என்ன குறை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கேள்வியை எடுத்துக்கொண்டு, பதிலை நம் பொருளைப் பார்த்து எழுத வேண்டும்.

எழுதித்தான் ஆக வேண்டியவை

புடவைக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்ததா தனியா, உண்மையான பட்டுதானா பட்டு போன்ற துணியா, முந்தி எப்படி, வெயிலில் பார்த்தால் நிறம் எப்படி என்பதெல்லாம் கையில் எடுத்தவருக்குத்தான் தெரியும். குத்துவிளக்கு என்றால் சென்டிமீட்டரில் உயரம், கிலோவில் எடை, திருகிக் கழற்றலாமா என்பது. தீபாவளிக்கும் தைப்பூசக் காவடிக்கும் முன்னால் அவசரமாக வாங்குபவர்கள் முதலில் கேட்பது அளவைத்தான். பாப் ஷாப்பிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பார்கோடு இல்லாமலே விற்கலாம். அமேசானில் பார்கோடு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய புத்தகம் இரண்டு வழியும் கலந்தது. புத்தகங்களுக்கான ஐஎஸ்பிஎன் எண் 1970இல் சர்வதேசத் தரமானது, 2007 முதல் 13 இலக்கம். 978-81, 978-93 என்று ஆரம்பித்தால் இந்தியப் பதிப்பு. அந்த எண் தலைப்பையும் பதிப்பையும் சரியாகக் கொண்டுவந்துவிடும். டர்பன் வீடுகளில் தாத்தா காலத்து அலமாரியில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் பல 1970க்கு முந்தியவை, எண்ணே கிடையாது. எண் இருந்தாலும் கடற்கரை ஈரத்தில் பழுப்பேறிய தாள், செல்லரித்த ஓரம், முதல் பக்கத்துக் கையெழுத்து இவற்றைப் பட்டியல் சொல்லாது. எண்ணால் பக்கத்தை இழுத்துவிட்டு, நிலைமையை நான்கு வரி எழுதி, குறை உள்ள பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவதுதான் முறை.

சொந்த எழுத்தின் குறை நேரம். நல்ல லிஸ்டிங் ஒன்றுக்கு அளக்க, நிறுக்க, படம் எடுக்க என்று பொழுது போய்விடும். பத்து ராண்ட் கற்பூரத்துக்கு அது கட்டாது, பட்டுப்புடவைக்குக் கட்டும்.

வீட்டில் அரைக்கும் மசாலாவைச் சொந்தப் பெயரில் விற்பவர்கள், பார்கோடு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரே கலவை, ஒரே எடை, ஒரே பாக்கெட் என்று மாதா மாதம் மாறாமல் வந்தால் ஜிஎஸ்1 தென்னாப்பிரிக்காவில் கட்டணம் கட்டிச் சேர்ந்து எண் வாங்குங்கள். 250 கிராமுக்கு ஒன்று, 500 கிராமுக்கு ஒன்று, காரம் கூடியதற்கு வேறு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். கலவை இன்னும் மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பணத்தை இப்போது செலவழிக்க வேண்டாம். நல்ல தராசு ஒன்றும் சேர்மானத்தை முழுதாக அச்சிட்ட லேபிளும் போதும்.