ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வண்டி சூடு ஏறுகிறது, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூடக் காணோம் என்று தவிப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். இந்த நிலையில் ஷெட்டுக்குப் போனால், பானெட்டைத் தூக்கிய கையோடு "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம், பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப் பாகம், இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்குச் சொன்னது பச்சைப் பொய். அதற்கு 18,400 ரூபாய் பில் கட்டினேன். ஹெட்டைக் கழற்றவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வண்டி 2004 மாருதி ஜென், அப்பா வாங்கியது. 993 சிசி எஞ்சின், ஹெட் பிளாக் இரண்டுமே அலுமினியம். அலுமினியத்துக்கு அதிகச் சூடு ஆகவே ஆகாது, நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடும். அதனால் திண்டிவனம் தாண்டி டெம்பரேச்சர் முள் மேலே ஏறியதும் ஓரம் கட்டி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஓட்டிக்கொண்டு விழுப்புரம் பக்கம் ஒரு ஷெட்டில் விட்டேன். எந்த ஷெட் என்று இங்கே எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். அங்கே என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு யாரிடமும் செய்யலாம்.

மெக்கானிக் முதலில் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடிமனான துணியை வைத்து ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகித் திறந்தார். தண்ணீர் கொப்பளித்துப் பொங்கியது. "பாருங்க சார், பபுள் வருது. கேஸ்கெட் வழியா கம்ப்ரஷன் தண்ணியில ஏறுது" என்றார். அடுத்து எஞ்சின் ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடியைக் காட்டினார். வெள்ளையாக, பாலாடை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. "ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு." கண்ணால் பார்க்கிற ஆதாரம் இரண்டு. யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

இரண்டுமே ஆதாரம் இல்லை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. பல கார்களில் அந்த அழுத்தம் எவ்வளவு என்று 0.9 அல்லது 1.1 (பார் கணக்கில்) என மூடியின் மேலேயே அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், தண்ணீர் அந்த நொடியே கொதிக்கும். புத்தம் புது எஞ்சினாக இருந்தாலும் அளவுக்கு மீறிச் சூடேற்றிவிட்டுத் திறந்தால் இப்படித்தான் பொங்கும். தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், முகம் வெந்துவிடும். ஆயில் மூடியின் அடியில் இருந்த அந்த வெள்ளைப் பசையும் அப்படித்தான். பக்கத்துக் கடைவரை மட்டும் ஓடும் வண்டியில், மழைக்காலத்தில், ஈரம் ஆவியாகி மூடியில் படிந்து ஆயிலோடு சேர்ந்து அப்படி ஆகும். பார்க்க வேண்டியது ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை. அதில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். என் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. அதை அவர் உருவிக்கூடப் பார்க்கவில்லை.

பில்லில் ஹெட் கேஸ்கெட் செட், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), டைமிங் பெல்ட், கூலன்ட், லேபர் என்று வரிசையாக எழுதியிருந்தார். பழைய கேஸ்கெட்டைக் கேட்டேன், தூக்கிப் போட்டாச்சு என்றார். ஃபேசிங் செய்த லேத் பட்டறையின் சீட்டைக் கேட்டேன், "அவங்க பில்லு தர மாட்டாங்க சார்" என்றார். எஞ்சின் மேல் பக்கம் மட்டும் பளபளவென்று துடைத்துவைத்திருந்தது.

சில வாரங்கள் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் சித்திரை வெயிலில் செங்கல்பட்டு நெரிசலில் மறுபடி ஏறியது. இந்த முறை வேறு ஊரில், ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரின் கடைக்குக் கொண்டுபோனேன்.

அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே சொல்லவில்லை. "நல்லா ஆறட்டும் தம்பி" என்று உட்கார வைத்துவிட்டார். ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த ஒரு கருவியை மாட்டினார். சைக்கிள் பம்ப் போலக் கையால் அடித்து, மூடியில் எழுதியிருந்த 0.9 வரை அழுத்தம் ஏற்றிவிட்டு நிறுத்தினார். முள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை, கண்ணெதிரே மெல்ல இறங்கியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எஞ்சினுக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குள் போகும் ஹீட்டர் ஹோஸ் பக்கம் கையை விட்டுத் தடவினார். விரலை வெளியே எடுத்தபோது ஈரம். ஹோஸ் கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருந்தது, சுற்றிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்கும் வெடிப்பு. சொட்டுவதெல்லாம் சூடான எஞ்சின் மேலேயே விழுந்து ஆவியாகிப் போகிறது. கீழே எப்படித் தெரியும்?

பிறகு அவரே எனக்கு மற்றதையும் காட்டினார். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டின் மேல் பல வருட எண்ணெய் அழுக்கு விடாமல் படிந்து கிடந்தது. கழற்றி மாட்டியிருந்தால் அந்த இடத்தில் அழுக்கு அறுந்திருக்க வேண்டும். ஹெட்டை எடுக்க வேண்டுமானால் சைலன்சர் பைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த நட்டுகளில் துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் இடையில் சில வாரம் எப்படி ஓடியது? எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். ஃபேனை நேராக இக்னிஷனில் கொடுத்திருந்தார்கள், சாவி போட்டதும் சுற்றும்படி. கோளாறை மறைக்க நம் ஊரில் நடக்கும் வாடிக்கையான வேலை இது. "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று பல மெக்கானிக்குகள் மனதாரவே நம்பிச் சொல்வார்கள். அது தவறு. எஞ்சின் 80, 90 டிகிரிக்கு வந்தால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி ஹைவேயில் சூடே ஏறாமல் ஓடும், மைலேஜ் குறையும், உள்ளே கசடு சேரும். கசிவோ அப்படியே இருக்கும், தெரிய வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். பில்லில் கூலன்ட்டுக்குக் காசு வாங்கிவிட்டு ஊற்றியிருந்தது போர் தண்ணீர். அதில் இருக்கும் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். இது எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம். வேலை செய்யாமல் காசு வாங்கியது ஒரு பக்கம், நன்றாக இருந்ததையும் கெடுத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஹோஸும் கிளிப்பும் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. தெர்மோஸ்டாட், புது மூடி, ரேடியேட்டரைக் கழுவியது, டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்த கூலன்ட், ஃபேன் வயரிங்கைப் பழையபடி மாற்றியது எல்லாம் சேர்த்து இன்னொரு 4,000.

கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால் எப்படித் தெரியும் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சந்தேகப்படலாம் என்றார். தண்ணீர் சூடாகும் முன்பே அழுத்தம் வந்தால் அது சிலிண்டரிலிருந்துதான் வர வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் இருக்கும். உறுதி செய்ய ரேடியேட்டர் வாயில் வைக்கும் ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுகிறேன் என்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கசிவைத் தேடும்போது வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள், சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் சொட்டும். முன் சீட்டுக் கால்மிதி ஈரமாக இருந்தால் நக்கியோ முகர்ந்தோ பார்க்காமல் ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நிறம் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏசி தண்ணீர், பச்சையோ சிவப்போ பிசுபிசுப்போ இருந்தால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. கூலன்ட் விஷம், தரையில் சிந்தினால் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய்கள் நக்கிச் செத்துப்போகின்றன.

போட்டோக்களோடு முதல் ஷெட்டுக்குப் போனேன். "பையன் பார்த்த வேலை சார், எனக்குத் தெரியாது" என்று 5,000 ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே பதிவு செய்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் பில் வேண்டும். கையால் எழுதிய பில்லாக இருந்தாலும் பாகத்தின் பெயர், தேதி, வண்டி எண் மூன்றும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை வண்டி டிக்கியில் போட்டு வைக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.