ஊற வைத்த மாவா, உடனடி மாவா? கிறிஸ்துமஸ் பியெர்னிக்குக்கு எது?

போலந்துக்கு மருமகளாக வந்த பிறகு ஏழெட்டு கிறிஸ்துமஸுக்கு நான் உடனடி மாவில்தான் பியெர்னிச்கி, அதாவது தேனும் மசாலாவும் சேர்ந்த சின்னச் சின்ன பியெர்னிக் பிஸ்கட்டுகள், சுட்டேன். கடைசி மூன்று வருஷமாக மாமியார் வழிக்கு வந்துவிட்டேன். நவம்பர் நடுவிலேயே மாவைப் பிசைந்து ஊற வைத்துவிடுகிறேன். இனி மாற மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மசாலாவில் வித்தியாசம் கிடையாது. பட்டை, கிராம்பு, இஞ்சிப்பொடி, ஏலக்காய், ஜாதிக்காய், கொஞ்சம் மிளகு. ‘பியெர்னிக்’ என்ற பெயரே காரமான என்று பொருள் தரும் பழைய போலிஷ் சொல்லிலிருந்து வந்ததுதான், அதனால் மிளகை விட்டுவிடாதீர்கள். ஊற வைக்கும் மாவுக்குத் தேன் நிறைய வேண்டும், அந்த வகையில் செலவு கூடத்தான்.

உடனடி மாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேன், வெண்ணெய், சர்க்கரையை உருக்கி, மாவும் முட்டையும் சோடாவும் சேர்த்துப் பிசைந்து, அன்றைக்கே தேய்த்து வெட்டிச் சுடலாம். ஓரங்கள் பிசகாமல் நிற்கும். மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரங்களுக்கு இதுவே மேல். ஊறிய மாவு அடுப்பில் உப்பிக்கொள்வதால் நட்சத்திர முனைகள் மழுங்கிப் போகின்றன.

என் மாமியார் செய்யும் முறை இது: அரை கிலோ தேன், இரண்டு கப் சர்க்கரை, கால் கிலோ வெண்ணெய் மூன்றையும் சூடாக்கி நன்றாக ஆற விட வேண்டும். பிறகு ஒரு கிலோ மைதா, 3 முட்டை, அரை கப் பாலில் கரைத்த 3 டீஸ்பூன் சமையல் சோடா, மசாலா. பிசைந்ததும் கையெல்லாம் ஒட்டும். முதல் வருஷம் அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இரண்டு கை மாவு போட்டேன், பலகாரம் வறண்டுவிட்டது. ஒட்டினால் ஒட்டட்டும், குளிரில் தானாக இறுகிவிடும். அவர் மண் ஜாடியில் போட்டுத் துணி கட்டி நிலவறையில் வைப்பார். எனக்கு நிலவறை இல்லை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுதான். நாலைந்து வாரம் அப்படியே கிடக்கும். பெண் பிறந்ததும் பிசைந்து வைத்த மாவை அவள் கல்யாணத்துக்குச் சுடுவார்களாம் அந்தக் காலத்தில்.

இவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் உடனடி மாவிலும் காத்திருப்பு உண்டு, அது சுட்ட பிறகு வருகிறது. அடுப்பிலிருந்து வந்த பியெர்னிச்கி ஆறியதும் கல்லாகிவிடும். தகர டப்பாவில் ஆப்பிள் தோலோடு அடைத்து வைத்தால் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்ல மிருதுவாகும். என் வீட்டில் அதற்கு இரண்டு, மூன்று வாரம் பிடித்தது. அப்படியென்றால் 24ஆம் தேதி விகிலியா இரவில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், பல்லுக்குப் பதமாக இருக்க, டிசம்பர் முதல் வாரமே சுட்டாக வேண்டும். அந்த வாரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளுக்குப் பள்ளி, எங்களுக்கு வேலை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உருக்கி, ஆற வைத்து, பிசைந்து, தேய்த்து, சுட்டு முடிப்பதற்குள் சின்னவள் தூங்கிப்போவாள். சர்க்கரைக் குழம்பால் கோலம் போட நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பேன்.

ஊற வைத்த மாவில் அந்த நாலு வாரம் யாருக்கும் தெரியாமல் கழிந்துவிடுகிறது. டிசம்பர் 19, 20 வாக்கில், பிள்ளைகளின் பாட்டி (பாப்ச்சா) தொருன் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, மாவை எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் போதும். நேரே தேய்ப்பதிலும் வெட்டுவதிலும்தான் வேலை தொடங்குகிறது, பிள்ளைகளுக்குப் பிடித்ததும் அதுதானே. 180 டிகிரியில் எட்டுப் பத்து நிமிஷம். எங்கள் வீட்டில் மூன்று, நாலு நாளிலேயே மிருதுவாகிவிட்டன. மூன்று முறைதான் செய்திருக்கிறேன், ஒவ்வொரு அடுப்புக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஊறியதால் சுவை ஆழமாகிறது என்பார் மாமியார். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சுட்டுப் பக்கத்தில் வைத்து நான் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

மீந்த மாவைத் தட்டையாகச் சுட்டு, நடுவில் கெட்டியான பிளம் பழக்கூழ் தடவி அடுக்கினால் பெரிய பியெர்னிக்கும் ஆயிற்று.

1380லேயே பியெர்னிக் சுடுபவரைப் பற்றிய குறிப்பு இருக்கிற ஊர் தொருன். அங்கே நவம்பர் 25, புனித கத்தரீனாள் நாளை ஒட்டித்தான் கிறிஸ்துமஸ் பியெர்னிக் வேலை தொடங்குமாம். அந்தத் தேதிக்குள் மாவு ஜாடிக்குள் போய்விட்டால் நிம்மதி. டிசம்பர் பிறந்த பிறகுதான் நினைவு வந்தது என்றால் உடனடி மாவையே பிசையுங்கள், ஆனால் இந்த ஞாயிறே சுட்டுவிடுங்கள். டப்பாவுக்குள் போடும் ஆப்பிள் தோலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.