சணல், தேங்காநார், பைபர் கலந்த பாத்ரூம் கதவு: ரெண்டு மழைக்காலம் பார்த்தாச்சு

எங்க வீட்டு பாத்ரூமுக்கு மரக்கதவு ரெண்டு தடவ போட்டு ரெண்டும் அடிப்பக்கம் உளுத்துப் போச்சு, நடுவுல பிவிசி ஒண்ணு போட்டோம், அது ஒரு வருசத்துலயே கீல் கிட்ட கிழிஞ்சு தொங்கிருச்சு. சரி இந்த தடவ பைபர் கதவே வாங்கிரலாம்னு கோயமுத்தூர்ல ஒரு கடைக்குப் போனா, "சார் இது சும்மா பைபர் இல்ல, உள்ள சணலும் தேங்காநாரும் இருக்கு"ன்னு ஒண்ணக் காமிச்சாங்க. சாதா பைபர் கதவ விட 800 ரூவா கூட. நோட்டீஸ்ல "100% இயற்கை"ன்னு வேற பச்சைக் கலர்ல போட்டிருந்துச்சு.

அது பொய்ங்க. ரெண்டு பக்கமும் தோலு கண்ணாடி நார் மேட் (பைபர்னு சொல்றது இதத் தான்), நடுவுல தான் சணல் துணி, தேங்காநார், மொத்தத்தையும் பிடிச்சு வச்சிருக்கறது பாலியெஸ்டர் ரெசின்ங்கற பிளாஸ்டிக் பசை. ஒரு தடவ இறுகுனா திரும்ப உருக்கவே முடியாத சாமான் அது. ஆனா இப்படி அடுக்குனது புத்திசாலித்தனம் தான், ஏன்னா பலகைய வளைச்சா இழுப்பும் அழுத்தமும் அதிகமா விழறது வெளித்தோல்ல, அங்க கண்ணாடி நார் நிக்குது, நடுவுல அவ்வளவு வேலை இல்ல, அங்க விலை கம்மியான நார் போதும். கண்ணாடி நார் தண்ணிய விட ரெண்டரை மடங்கு கனம், சணல் ஒன்றரை மடங்கு தான், அதனால ஆசாரி ஒத்தை ஆளா தூக்கி மாட்டிட்டாரு.

மாட்டும்போதே அவருக்கு நக்கல். "ஏந்தம்பி, கயிறு திரிக்கற நார்ல கதவா?"ன்னாரு. அட, கிழக்கு ஜெர்மனில ட்ரபான்ட்னு ஒரு கார், பஞ்சுக் கழிவையும் பீனால் ரெசினையும் சேத்து அழுத்தித் தான் பாடி போட்டாங்க, 1957ல ஆரம்பிச்சு 1991 வரைக்கும் 30 லட்சத்துக்கு மேல செஞ்சு வித்திருக்காங்கன்னு சொன்னேன். அவர் நம்பல.

நல்லது என்னன்னா சத்தம். சாதா பைபர் கதவ வேகமா சாத்துனா காலி டின்னத் தட்டுன மாதிரி கேக்கும், இது தொப்புனு அடங்கிருது, நார் அதிர்வ உள்ள வாங்கிக்குது. முதல் மூணு வாரம் ரெசின் நாத்தம் தலைவலி வர்ற அளவுக்கு இருந்துச்சு, அப்புறம் போயிருச்சு.

இப்ப கதைக்கு வரேன். டைல்ஸ் போட்டதுல தரை உசந்து கதவு கீழ இடிச்சுது. ஆசாரி சத்தமில்லாம மெஷின வச்சு அடில அரை இஞ்ச் வெட்டிட்டாரு. நான் போய்ப் பாக்கறப்ப வெட்டுன இடத்துல பிரவுன் கலர் நார் நீட்டிட்டு நிக்குது, தேங்காய உரிச்ச மட்டை மாதிரியே. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஐப்பசி மழை முடியறதுக்குள்ள கீழ ரெண்டு இஞ்ச் உப்பி, மேல் பூச்சு கொப்புளம் போட்டு, ஈரச்சாக்கு வாசம் வந்துருச்சு. கண்ணாடி நார் தண்ணி குடிக்காது, சணல் குடிக்கும், அதோட இழைக்குள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும், திரி எண்ணெய இழுக்கற மாதிரி இழுத்து உப்பிக்கும், உப்புனா ரெசின் பிடிப்பு விட்டுரும். தேங்காநார் கொஞ்சம் தாங்கும், அதுல லிக்னின் (மரத்துக்கு உறுதி குடுக்கற பொருள்) ஜாஸ்தி, சீக்கிரம் அழுகாது.

கடைல கேட்டா வெட்டுனதுக்கு வாரண்டி கிடையாதாம். நியாயம் தான், ஆனா "வெட்டாதீங்க, வெட்டுனா ஓரத்த ரெசின் வச்சு அடைங்க"ன்னு அந்த பச்சை நோட்டீஸ்ல ஒரு வரி போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அப்புறம் நானே கதவக் கழட்டி மொட்டை மாடில ரெண்டு நாள் காய வச்சு, உப்புனத சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பைபர் வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட ரெசினும் அத இறுக வைக்கற ஹார்ட்னரும் கொஞ்சம் வாங்கி ஓரத்துல ரெண்டு கோட்டு அடிச்சேன். போன மழைக்கு ஒண்ணும் ஆகல, கொப்புளத் தழும்பு மட்டும் இருக்கு.

கதவுக்கு 4 ஸ்டார், கடைக்கு 2. மாடி பாத்ரூமுக்கும் இதையே சொல்லிட்டேன், இந்த தடவ டைல்ஸ் வேலை முடிஞ்சப்புறம் நானே டேப் வச்சு அளவெடுத்துக் குடுத்திருக்கேன். ஆசாரி மாட்ட வரட்டும், அந்த மெஷின வீட்லயே வச்சுட்டு.