காட்பாடி போலிஷ் வகுப்பு: சுட்டுச்சொல்லுக்காகவே சேரலாம்

போலந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்களுக்காகக் காட்பாடியில் நடக்கும் மாலை வகுப்பு இது. சுட்டுச்சொற்களை நடத்தும் விதம் பிரமாதம். நமக்கு வீடு, புத்தகம், ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஒரே 'இந்த' போதும். போலிஷில் வீடு ஆண்பால், அதனால் 'தென் தோம்', புத்தகம் பெண்பால், 'தா க்ஷொன்ஷ்கா', ஜன்னல் இரண்டிலும் சேராது, 'தோ ஓக்னோ'. தள்ளி இருப்பதைப் பிரித்துக் காட்ட முன்னால் 'தாம்' ஒட்டினால் சரி: தாம்தென், தாம்தா, தாம்தோ.

பன்மைதான் ரொம்பப் பிடித்தது. கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் 'ச்சி', பெண்கள் மட்டும் என்றாலோ நாய், நாற்காலி என்றாலோ 'தே'. டீச்சர் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரு பையனை நடுவில் விட்டு, வெளியே அனுப்பி, மறுபடி கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் எங்களையே சொல்ல வைத்தார், இனி மறக்கவே மறக்காது.

வேற்றுமை வந்ததும்தான் ஒரே ஓட்டம். 'இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்றால் 'தா' எழுத்தில் 'தெ' ஆகும், பேச்சில் நிறைய பேர் 'தோன்' மாதிரிச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு வகுப்பாவது ஒதுக்க வேண்டும்.

அப்புறம், சத்துவாச்சாரி பக்கமிருந்து வருகிறவர்கள் கிரீன் சர்க்கிள் நெரிசலைக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள், பாடம் சரியான நேரத்துக்கு ஆரம்பித்துவிடும்.