வளரிளம் பிள்ளைகளுக்கான வைட்டமின் டி3: சொட்டு மருந்தும் கம்மியும்

பருவ வயதின் வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கான வைட்டமின் டி3, சொட்டு மருந்தாகவும் மிட்டாயைப் போல மென்று தின்னும் கம்மியாகவும் விற்கப்படுகிறது. பன்னிரண்டு வயதாகும் என் மகளுக்கு மருத்துவரின் அறிவுரைப்படி இரண்டையும் வெவ்வேறு சமயங்களில் கொடுத்திருக்கிறேன். இரண்டில் சொட்டு மருந்தே மேல் என்பது என் முடிவு. ஆனால், இரண்டின் அட்டையிலும் பெரிய எழுத்தில் இருக்கும் ‘எலும்பை உறுதியாக்கும்’ என்ற வாசகத்தைப் பெற்றோர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 600 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அதாவது 15 மைக்ரோகிராம், போதுமானது என்று அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. நான் வாங்கிய சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 800 ஐ.யு. இருக்கிறது, அதனுடன் வரும் உறிஞ்சு குழலில் கால், அரை, முக்கால், ஒன்று என்று கோடுகள் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதால், முக்கால் கோடு வரை எடுத்தால் சரியாக 600 ஐ.யு. கிடைத்துவிடும். எண்ணெய் கலந்த திரவம் என்பதால் நெடி எதுவும் இல்லை. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: ஒரே சொட்டில் 400 ஐ.யு. அடங்கிய அடர்த்தியான மருந்தும் கடைகளில் உண்டு, புட்டியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதை ஒரு மில்லிலிட்டர் அளந்து ஊற்றினால், ஒரே வேளையில் பத்தாயிரம் ஐ.யு.வைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே புட்டியை மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்பக்கச் சிற்றெழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

கம்மியைப் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். அதன் குறையும் அதுவே. நாங்கள் வாங்கியதில் ஒன்றில் 1,000 ஐ.யு. இருந்தது. ஒன்பது வயதுக்கு மேல் அன்றாடம் எடுத்துக்கொள்ளத்தக்க உச்ச வரம்பு 4,000 ஐ.யு. என்பதால், தினமும் நான்கு கம்மி தின்றாலே வரம்பைத் தொட்டுவிடும். அளவு மீறி நெடுநாள் உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகக் கல் வரை போகலாம். பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை வேறு. இதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

இனி எலும்புக்கு வருவோம். வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் இரண்டு ஆண்டுகளில் மட்டும், வயது வந்தபின் இருக்கும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தியும் நிகழ்கிறது. அந்த நேரத்தில் கடும் குறைபாடு இருந்தால் எலும்பு மென்மையாகிவிடும் என்பதிலோ, அதை வைட்டமின் டி தடுக்கும் என்பதிலோ ஐயமில்லை. ஆனால் குறைபாட்டைச் சரிசெய்வதும் எலும்பைக் கூடுதலாக வலுவாக்குவதும் ஒன்றல்ல. மங்கோலியாவில் 6 முதல் 13 வயதுக்குட்பட்ட 8,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மூன்று ஆண்டுகள் நடந்த ஆய்வில், பெரும்பாலோர் குறைபாட்டோடு இருந்தும், வாரம் 14,000 ஐ.யு. பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் எலும்பு முறிவில் வேறுபாடு காணப்படவில்லை. வைட்டமின் டி குடலில் கால்சியம் உறிஞ்சப்பட உதவுகிறது. உணவில் கால்சியமே இல்லையென்றால் எதை உறிஞ்சுவது? இந்த வயதில் நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை, நான் வாங்கிய இரு பொருள்களிலும் அது துளியும் இல்லை. ஓடுவதும் குதிப்பதும் எலும்புக்குத் தரும் உரத்தை எந்தப் புட்டியும் தராது.

வெயிலே படாமல் வளரும் பிள்ளைகளுக்கும், குடல் நோய் உள்ளவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து உண்பவர்களுக்கும் இந்தச் சொட்டு மருந்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களுக்கு வேண்டிய அளவு வேறுபடலாம் என்பதால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளை ஏற்கெனவே வேறு சத்து மாத்திரையோ சத்துமாவு பானமோ எடுத்துக்கொண்டால், அதிலுள்ள வைட்டமின் டியையும் கூட்டிப் பார்த்த பிறகே இதை வாங்குங்கள்.