மூப்பரும் என் நோட்டும்: ஏழு வருடச் சட்டப் பயிற்சி அனுபவம்

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் பதி. நாற்பது சொச்சம் இருளர் வீடுகள். 2018ல் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பி.எல்.வி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏழு வருடம் ஆகிவிட்டது. இனி போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் பயிற்சி இரண்டு நாள். ஒரு பை, ஒரு கையேடு, நிறைய பிரிவு எண்கள். ஊர் திரும்பியபோது மனதில் நின்றது ஒன்றுதான்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். அந்த ஒன்றுக்காகவே போனது வீணில்லை.

உண்மையில் கைகொடுத்தது மறுவருடம் பதியிலேயே நடந்த வன உரிமைச் சட்டப் பயிற்சி. 2008ல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் காட்டு நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது எங்களில் பலருக்குத் தெரியவே இல்லை. "ரசீதே இல்லாதப்ப எதைக் காட்டுறது?" என்பதுதான் எல்லோர் கேள்வியும். பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம் என்று அங்கேதான் கற்றேன். ஆனால் மனு போடுகிறவரே சொல்லக்கூடாது, வேறொரு பெரியவர் சொல்ல வேண்டும். கூடவே இன்னொரு ஆதாரமும் வேண்டும். பழைய கிணறு, இடுகாடு, சாமி இடம் இருந்தால் காட்டலாம். பதியின் தலைவரான எங்கள் மூப்பர் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். எந்த மேட்டை யார் திருத்தினார், எங்கே ராகி விதைத்தார், யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அதுவரை அவர் நினைவு பதிக்குள் மட்டும் செல்லுபடியான சாட்சி. பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும் என்று சொன்ன அன்று பெண்கள் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

ஒரு பெரிய தவறும் நடந்தது. எங்களுக்கு மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று ஊர்ப் பொறுப்பாளர்களை வைக்கும் பழைய முறை உண்டு. தகராறுகளை அவர்கள்தான் பேசித் தீர்ப்பார்கள். அவர்களை யாரும் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. "எங்க பேச்சைக் கேட்டுத்தானே இத்தனை காலம் இருந்தீங்க, அம்மிணி?" என்று மூப்பர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. 2021ல்தான் அவர்களையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். வரப்பு, ஆடு, கடன் எல்லாம் பதியில் பேசலாம். அடி வாங்கிய பெண் போலீசுக்குப் போக நினைத்தால் தடுக்கக்கூடாது. குழந்தைக்கு நடக்கும் பாலியல் கொடுமையைப் பேசித் தீர்க்கவே கூடாது, தெரிந்தும் மறைத்தால் போக்சோ சட்டத்தில் அதுவே குற்றம். மூப்பர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படி வந்தா நானே உன்னைக் கூப்பிடுறேன்" என்றார். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்.

என் கோபம் பயிற்சி முடிந்த பிறகு நடந்ததில்தான். சில மனுக்கள் தள்ளுபடியானது எங்களுக்குக் காற்றுவாக்கில்தான் தெரிந்தது. காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கே போன் போட்டேன். திட்டம் முடிந்துவிட்டதாம். சட்டம் தெரிந்தும் கையைப் பிசைந்து நின்றோம். நாள்கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைய முடியும்? என்னோடு பயிற்சி எடுத்த ஐந்து பெண்களில் இப்போது இருப்பது நானும் இன்னொருவரும்தான்.

அதனால் பயிற்சிக்குக் கூப்பிட்டால் முதலில் கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து யாருக்குப் போன் போடுவது? பெயரையும் நம்பரையும் எழுதி வாங்குங்கள். கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். நான் தனி நோட்டே போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடியும் பயிற்சி இருக்கிறது. இந்த முறை குறுதலையின் மகளும் என்னோடு வருகிறாள். என்னைவிட வேகமாக எழுதுவாள்.