டெடலஸ் 3: எல்லைப் படலத்துக்கு நல்லது, மூடிய பெட்டிக்கு ஆகாது

அடியில் சூடு, மேலே குளிர், நடுவில் கொந்தளிக்கும் பாய்மம். இந்த ரேலி-பெனார் வெப்பச்சலனத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க நினைக்கும் மாணவர் டெடலஸ் என்ற சமன்பாடு தீர்க்கும் மென்பொருளில் தொடங்கலாம். இலவசம், திறமூலம். சமன்பாடுகளைத் தாளில் எழுதுவதுபோலவே பைத்தானில் எழுதிவிடலாம். லினக்ஸ், மேக் இரண்டிலும் கோண்டா என்ற தொகுப்பு நிறுவி வழியே நிறுவலாம். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வேண்டும்.

கூடவே வரும் இருபரிமாண மாதிரியில் அகலம் 4, உயரம் 1, ரேலி எண் (வெப்பச்சலனத்தின் உந்துவலிமை) 20 லட்சம், பிராண்டில் எண் (பாகுமைக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) 1, வலை (கணக்கிடும் புள்ளிகள், கிடை×செங்குத்து) 256×64. மடிக்கணினியிலேயே சில நிமிடங்களில் முடியும். ஓட்டும் முன் ஓப்பன்எம்பி த்ரெட் (ஒரே செயல்முறைக்குள் ஓடும் இணை இழை) எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் வேலையைப் பங்கிட்டு ஓடும் எம்பிஐ செயல்முறைகள் ஒரே கோர்களுக்கு முட்டிமோதி வேகம் படுத்துவிடும்.

டெடலஸின் பெரிய பலம், செங்குத்துத் திசையில் உள்ள செபிஷெவ் புள்ளிகள் (சீரற்ற இடைவெளியில் அமையும் கணக்குப் புள்ளிகள்). அவை சுவரருகே நெருங்கி அமையும். வெப்பநிலை சட்டென மாறும் மெல்லிய எல்லைப் படலம் இருப்பதும் அங்கேதான். படலத்தின் தடிமன் ஏறக்குறைய உயரத்தை நஸெல்ட் எண்ணின் (வெறும் கடத்தலைவிட எத்தனை மடங்கு வெப்பம் கடக்கிறது என்பது) இருமடங்கால் வகுத்தது. நஸெல்ட் 10 என்றால் 0.05, 64 புள்ளிகளில் 9 அதற்குள் விழும். தாராளம். வலையைத் தொடாமல் ரேலி எண்ணை மட்டும் நூறு மடங்காக்கும்போதுதான் சிக்கல். நஸெல்ட் 40 என்று கொண்டால் படலம் 0.0125, உள்ளே 5 புள்ளிகள். நடுப்பகுதி அதைவிட மோசம்: அங்கே புள்ளி இடைவெளி 0.025. படலத்திலிருந்து பிய்ந்து எழும் தாரைகளோ படலத்தின் அளவுக்கே மெல்லியவை; அந்த வலையில் அவை சிக்காது. தாரையின் ஓரங்களில் வரிவரியாகப் பொய் அலைகள் தெரியும், சில சமயம் எண்கள் வெடித்து ஓட்டமே நின்றுவிடும். பலர் உடனே காலப்படியைக் குறைக்கிறார்கள். குறை வலையில் இருக்கிறது. செங்குத்தில் 256 வைத்தால் படலத்துக்குள் 18 புள்ளிகள் கிடைக்கும். கிடைத்திசையிலும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

படம் அழகாக இருப்பது சான்றாகாது. கீழ்ச்சுவர், மேல்சுவர், முழுக் கொள்ளளவுச் சராசரி என மூன்று வழிகளில் நஸெல்ட்டைக் கணக்கிடுங்கள். தொடக்கக் கட்டத்தைத் தள்ளிவிட்டு நீண்ட சராசரி எடுத்த பிறகும் மூன்றும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் முடிவை வெளியிடாதீர்கள். மாதிரி நிரலில் இந்தச் சோதனை இல்லாதது உண்மையிலேயே குறைதான். நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வரம்பு: செவ்வக அமைப்பில் ஒரு திசைக்கு மட்டுமே செபிஷெவ். பக்கச்சுவர்களுக்குப் பதில் மீள்வரு எல்லைதான் (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்) வழக்கம். நான்கு புறமும் ஒட்டுச்சுவர் (பாய்மம் வழுக்காமல் ஒட்டி நிற்கும் சுவர்) கொண்ட பெட்டியில் பெருஞ்சுழல் திசைமாறுவதை ஆராய்பவர்கள் நெக்5000 என்ற இன்னொரு பாய்மக் கணிப்பு மென்பொருள் பக்கம் போவதே சரி. அதில் வலை அமைக்கக் கூடுதல் உழைப்பு வேண்டும், ஆனால் சுவரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.